வலிக்குச் சாட்சி

அந்த வருஷம் ஒஹாயோ மாநிலத்தில் நர்ஸுகளும் நோயாளிகளும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். அவர்களைப் பிரித்தது ஒரு பட்டை.

கைக்கடிகார வார் அளவுதான் இருக்கும். ஜோடியாக வரும். ஒன்று நோயாளியின் மணிக்கட்டுக்கு, மற்றது நர்ஸின் முன்கைக்கு. நோயாளியின் நரம்புகளில் ஓடும் வலியை முதல் பட்டை படித்து அனுப்பும். இரண்டாவது பட்டை அதில் சிறு பங்கை நர்ஸின் உடம்பில், அதே இடத்தில் உண்டாக்கும். அவருக்கு இடுப்பு வலித்தால் இவளுக்கும் இடுப்பு வலிக்கும். எவ்வளவு வலித்தது என்று நர்ஸ் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் மருந்து.

இதைச் சட்டமாக்கச் சொல்லிக் கேட்டது அரிவாள் செல் நோயாளிகள் கூட்டமைப்பு. ரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, மெல்லிய ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும் நோய் அது. அடைப்பு வரும்போது எலும்புக்குள் கண்ணாடியை அரைப்பது போல வலிக்கும். வெளியே காயம் இருக்காது, வீக்கம்கூட இருக்காது. நோயாளிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அவசரப் பிரிவில் போய் நின்று வலிக்கிறது என்றால், போதை மருந்துக்காக நடிக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் முதலில் எழும். பட்டை கட்டிய நர்ஸை யார் சந்தேகப்பட முடியும் என்பது கூட்டமைப்பின் வாதம்.

மருத்துவமனைகளின் சங்கம் ஆதரித்தது. வழக்குகள் குறையும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. டாக்டர்கள் சங்கமும் ஆதரித்தது. ஆனால் டாக்டர்கள் பட்டை கட்டத் தேவையில்லை என்று மசோதாவில் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்ட பிறகு.

எதிர்த்தது ஏரிக்கரை நர்ஸுகள் சங்கம் மட்டும். அதன் தலைவி ஜெசிந்தா.

குளச்சலில் பிறந்தவள். நர்ஸிங் முடித்த கையோடு கிளீவ்லாந்துக்கு வந்து, பாதி வாழ்க்கையை வார்டுகளில் நின்றே கழித்தவள். தலைவியான பிறகு கொலம்பஸில் சட்டமன்றத்துக்கு எதிரே சங்க அலுவலகம், வாரம் முழுக்கக் கூட்டம், பேட்டி. பட்டை வந்தபோது அவள் வார்டைவிட்டு வந்திருந்தாள். ஒருமுறைகூட அதைக் கட்டியதில்லை. அது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

சங்கத்தின் வலுவான சாட்சி லூர்தெஸ். பிலிப்பைன்ஸ்காரி, ஜெசிந்தாவோடு ஒரே வார்டில் வேலை பார்த்த பழைய சிநேகிதி. பட்டையின் வெள்ளோட்டம் நடந்த ரத்தநோய் வார்டில் ஒரு வருஷம் இருந்துவிட்டு, இப்போது மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தாள்.

மசோதாவைப் பற்றிச் சட்டமன்றக் குழு நடத்தும் விசாரணைக்கு முந்தின வாரம் அலுவலகத்துக்கு வந்தவள் மாடிப்படியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஜெசிந்தா கைத்தாங்கலாக ஏற்றிக் கூட்டி வந்தாள்.

"எங்கேடி வலிக்குது?"

"ரெண்டு முழங்காலும். குளிர் அடிச்சா நெஞ்செலும்பு. ஸ்கேன் எடுத்தாங்க, ஒண்ணுமில்லயாம். பட்டையைக் கழட்டி மாசக்கணக்கா ஆச்சு. வலி மட்டும் போகல."

சங்கத்தின் அரசியல் ஆலோசகன் கிரெய்க் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "இதையே சபையில சொல்லுங்க. இந்த வார்த்தையிலயே சொல்லுங்க. மசோதா அங்கேயே படுத்துடும்."

லூர்தெஸ் முகம் மாறியது. "நான் சபைக்கெல்லாம் வரல. எழுதித் தரேன், ஜெசிந்தா படிக்கட்டும்."

"ஏன்?" என்றாள் ஜெசிந்தா.

"கேள்வி கேட்பாங்க" என்றாள் லூர்தெஸ். உடம்பு முடியாதவளை எதற்கு வருத்த வேண்டும் என்று ஜெசிந்தாவும் விட்டுவிட்டாள்.

விசாரணை அன்று மண்டபம் நிரம்பியிருந்தது. இடப்பக்கம் நர்ஸுகள் நீல உடையில். வலப்பக்கம் நோயாளிகள் சிவப்புச் சட்டையில், சிலர் சக்கர நாற்காலியில், சிலர் ஆக்சிஜன் குழாயோடு. உள்ளே வரும் வழியில் ஒரு சிவப்புச் சட்டைக்காரர் ஜெசிந்தாவின் முகத்துக்கு நேரே, "எங்க வலியைத் தொட்டா ஒட்டிக்கும்னு பயமா?" என்று கேட்டார். அவள் விரலிலிருந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.

முதலில் அவள் பேசினாள். சத்தியம் செய்து, லூர்தெஸ் கேட்டுக்கொண்டபடி பேரைச் சொல்லாமல் அவள் எழுதியதைப் படித்தாள். சபை அமைதியாகக் கேட்டது.

அடுத்து கூட்டமைப்பின் தலைவி ஒடெஸா பிரைட்வெல் எழுந்தாள். ஐம்பதைத் தொட்ட பெண். இந்த நோயோடு அந்த வயதுக்கு வந்ததே பெரிய விஷயம். குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

"நர்ஸ் சங்கத் தலைவி பேசினதை மரியாதையோட கேட்டேன். ஒரே ஒரு கேள்வி. அவங்க இந்தப் பட்டையைக் கட்டியிருக்காங்களா?"

குழுத் தலைவரான செனட்டர் ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"இல்லை" என்றாள்.

"அப்ப இப்ப கட்டிப் பார்க்கட்டும். எனக்குக் காலையிலேர்ந்து அடைப்பு வந்திருக்கு. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது."

கிரெய்க் மேஜைக்கடியில் கையை ஆட்டி வேண்டாம் என்றான். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி மறுப்பது? ஜெசிந்தா நடுவே போட்ட நாற்காலியில் ஒடெஸாவுக்கு எதிரே உட்கார்ந்து சட்டைக் கையை மடக்கினாள். பட்டை செய்யும் கம்பெனியின் ஆள் அதைக் கட்டினான். பச்சை விளக்கு எரிந்தது.

ஒன்றுமே இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். முன்கையில் பட்டையின் குளிர்ச்சி தெரிந்தது, அவ்வளவுதான். இடுப்பு, முதுகு, கால் என்று தன் உடம்பை அவளே தேடிப் பார்த்தாள். எங்கும் ஒன்றும் இல்லை.

நிமிர்ந்து ஒடெஸாவைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குள் இருந்த பழைய வார்டு நர்ஸ் விழித்துக்கொண்டாள். கண்ணின் வெள்ளையில் மஞ்சள். குளிரூட்டிய மண்டபத்தில் மேலுதட்டில் வேர்வை. மூச்சை முழுசாக இழுக்காமல் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறாள்; நெஞ்செலும்பு வலிக்கிறவர்கள் அப்படித்தான் மூச்சு விடுவார்கள். முழங்கால்களைச் சேர்த்து அழுத்தியிருக்கிறாள். நகக்கண் வெளுத்துக்கொண்டே வருகிறது.

"என்ன உணர்றீங்க?" என்றார் செனட்டர்.

உண்மையைச் சொன்னால் மசோதா அந்த இடத்திலேயே செத்துவிடும். அதோடு, எதிரே இருப்பவள் நடிக்கிறாள் என்று மாநிலமே பேசும். இத்தனை வருஷமாக அவசரப் பிரிவின் வாசலில் கேட்ட சொல்லை, இனி ஒரு நர்ஸின் வாயிலிருந்தும் கேட்பாள்.

"நெஞ்செலும்பு" என்றாள் ஜெசிந்தா. "ரெண்டு முழங்காலும். இடுப்பும் கொஞ்சம்."

"எண்?"

"ஒன்பது. கேள்வி போதும், ஐயா. இவங்களை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஒரு வீல்சேர் கொண்டு வாங்க!"

சிவப்புச் சட்டைகள் எழுந்து கைதட்டின. நீல உடைகளில் ஒருத்திகூட அசையவில்லை. வாசலில் கிரெய்க் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"காலை வாரி விட்டுட்டீங்களே! அவ்வளவு வலிச்சாகூட 'தாங்க முடியல, இதை எங்க ஆட்கள் தலையில கட்டாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மசோதா குழுவில் தேறி, முழுச் சபையின் வாக்கெடுப்புக்குப் போனது.

மறுநாள் ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்குப் போனாள். எதற்காகப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. ஒடெஸா தலையணைகளில் சாய்ந்திருந்தாள். கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அறையில் வேறு யாருமில்லை.

"கதவைச் சாத்துங்க" என்றாள். சாத்தியதும், "உங்களுக்கு ஒண்ணுமே தெரியல, இல்லையா?" என்றாள்.

ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படி..."

"என்கிட்டேர்ந்து இதுவரைக்கும் யாருக்கும் எதுவும் போய்ச் சேர்ந்ததில்ல. என் தங்கச்சி கட்டிப் பார்த்தா, எங்க பாஸ்டர் கட்டிப் பார்த்தாரு. கம்பெனிக்காரங்க ஆரோக்கியமான ஆட்களுக்குச் சூடு வெச்சும் கிள்ளியும் மெஷினைப் பழக்கினாங்களாம். ஆபரேஷன் பண்ணினவங்க, கால் உடைஞ்சவங்க வலி அதுக்குப் புரியுது. பிறந்ததுலேர்ந்து வலியோட வளர்ந்த நரம்பு வேற பாஷை பேசுது போல. எங்க ஆட்கள்ல கட்டிப் பார்த்த அத்தனை பேருக்கும் இதே கதைதான்."

"தெரிஞ்சுமா இந்தச் சட்டத்தைக் கேட்டீங்க?"

"தெரிஞ்சதாலதான். எண்ணைப் போடுறது பட்டையில்ல, நர்ஸ். நாங்க வலிக்குதுன்னா எவனும் நம்ப மாட்டான். 'எனக்கே வலிக்குது'ன்னு ஒரு நர்ஸ் சொல்லிட்டா டாக்டர் வாயை மூடிக்கிட்டு மருந்து எழுதுவாரு. அதோட, எண் போடறதுக்கு முன்னால நர்ஸ் நோயாளி பக்கத்துல உட்கார்ந்தே ஆகணும்னு விதியில இருக்கு. என் ஆயுசுல நான் கிடந்த அத்தனை ஆஸ்பத்திரியிலயும், எந்த நர்ஸுக்கு என் பக்கத்துல உட்கார நேரம் இருந்துச்சு?"

"ஒடெஸா, இதுக்கு எல்லா நர்ஸும் பொய் சொல்லணுமே! சொல்வாங்கன்னு எப்படி நம்பினீங்க?"

ஒடெஸா புன்னகைத்தாள். "வெள்ளோட்டத்தப்போ நான் எத்தனையோ தடவை அந்த வார்டுல கிடந்தேன். ஒருத்திகூட எனக்குப் பூஜ்யம் போடல."

ஜெசிந்தா கைப்பையை எடுத்தாள். வெள்ளோட்டம் நடந்தது ரத்தநோய் வார்டில். அங்கே பட்டை கட்டிய நோயாளிகள் எல்லாருமே அரிவாள் செல் நோயுள்ளவர்கள். அப்படியானால் லூர்தெஸ்?

நேரே கார் எடுத்துக்கொண்டு கிளீவ்லாந்துக்குப் போனாள். வழி முழுக்க ரேடியோவைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தாள். லூர்தெஸ் சோபாவில் முழங்கால்களுக்கு வெந்நீர்ப் பை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்கிட்ட உண்மையைச் சொல்லு. பட்டை கட்டினப்போ உனக்கு என்ன தெரிஞ்சுது?"

"எழுதிக் கொடுத்தேனே."

"நான் நேத்து அதைக் கட்டினேன், லூர்தெஸ். எனக்கு ஒண்ணும் தெரியல. ஒன்பதுன்னு பொய் சொன்னேன்."

 லூர்தெஸ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"ஒரு தடவைகூடத் தெரிஞ்சதில்ல. கம்பெனிக்காரன் 'சிலருக்கு உணர்வு கம்மியா இருக்கும்'னான். மத்தவங்களுக்கெல்லாம் தெரியுது, நான்தான் கல்லு மாதிரி இருக்கேன்னு வெட்கமா போச்சு. யார்கிட்ட சொல்றது? பூஜ்யம் போட்டா மருந்தை நிறுத்திடுவாங்க. அதனால முகத்தைப் பார்த்துப் போட ஆரம்பிச்சேன். தப்பாப் போட்டுடக் கூடாதுல்ல? அதுக்காகக் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். மூச்சு எங்கே நிக்குது, எந்தக் காலை நகர்த்த மாட்டேங்கிறாங்கன்னு பார்ப்பேன். கண்ணை மூடிக்கிட்டு, எனக்கே அங்கே வலிச்சா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்ப்பேன். தினமும். ஒவ்வொரு பெட்லயும்."

"அப்ப முழங்கால்?"

"முழங்கால் வலிக்குது, ஜெசிந்தா" என்று அழுதாள் லூர்தெஸ். "அது மட்டும் பொய்யில்ல."

அந்த வார்டில் இருந்த மற்ற நர்ஸுகளையும் ஜெசிந்தா ஒவ்வொருத்தியாகப் போய்ப் பார்த்தாள். ஒருத்தி கதவைத் திறக்கவில்லை. மற்றவர்கள், ஜெசிந்தா தன் பொய்யை முதலில் சொன்ன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார்கள். எல்லாரும் சொன்னது ஒன்றேதான். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்தி மட்டுமே பொய் எண் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவர்களில் இன்னும் இருவர் வலியோடு இருந்தார்கள்.

அவளுடைய கணவன் பெலிக்ஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மதிய இடைவேளையில் போனில் கூப்பிட்டான்.

"என்னவாக்கும் ஒனக்கு? ரெண்டு நாளா ஒரு வாய் சோறு இறங்கல."

எல்லாவற்றையும் சொன்னாள்.

"இத வெளிய சொன்னா ஒங்க சங்கம் ஜெயிச்சிரும்லா?"

"ஜெயிக்கும். பட்டை வேலை செய்யலன்னு ஒத்த வார்த்த போதும். பொறவு? பொய் எண் போட்டாளுவன்னு அத்தன பேருக்க லைசன்ஸையும் பிடுங்குவானுவ. இன்சூரன்ஸ்காரனுவ சங்கம் சும்மா இருக்குமா? வலியே இல்லாதவனுக்கு மருந்து குடுத்திருக்குன்னு கோர்ட்டுக்குப் போவும். அந்தப் பாவப்பட்ட சனங்கள திரும்பக் கள்ளன்னு சொல்லுவானுவ."

"சொல்லலன்னா?"

"சட்டம் வரும். மாநிலம் பூரா நர்ஸ்மாரு பொய் எண் போட்டுக்கிட்டு, லூர்தெஸ் மாரி கால இழுத்துக்கிட்டு நடப்பாளுவ."

 பெலிக்ஸின் பக்கம் பள்ளி மணி அடிக்கும் சத்தம் கேட்டது. "நீயும் சத்தியம் பண்ணிட்டுல்லா பொய் சொல்லியிருக்க, பிள்ள" என்றான்.

"ஆமா" என்றாள்.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் கூட்டமைப்பின் அலுவலகத்துக்குப் போனாள். ஒரு தேவாலயத்தின் பக்கவாட்டுக் கட்டிடத்தில் இரண்டே அறைகள். வெற்றி விழாவுக்காகச் சிவப்புத் துணியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். ஒடெஸா ஊன்றுகோலோடு எழுந்து உள்ளறைக்குக் கூட்டிப் போனாள்.

"சபையில போய் எல்லாத்தையும் சொல்லப் போறீங்களா?"

"இல்ல. உங்ககிட்ட மட்டும் சொல்ல வந்தேன். லூர்தெஸ்னு ஒரு நர்ஸ் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

ஒடெஸாவின் முகம் மலர்ந்தது. "மறப்பேனா? கை சூடா இருக்கும். அவ வந்து உட்கார்ந்தா மருந்து ஏறுறதுக்கு முன்னாலயே எனக்குப் பாதி தேவலையாயிடும்."

"நான் சபையில படிச்சது அவ எழுதினது. பேரைச் சொல்லக் கூடாதுன்னு கேட்டிருந்தா. அவளுக்கு ரெண்டு முழங்காலும் வலிக்குது. குளிர் அடிச்சா நெஞ்செலும்பு. பட்டை அவளுக்கு எதையும் அனுப்பல. ஆனா வலி வந்திருக்கு."

ஒடெஸா அதை உடனே புரிந்துகொள்ளவில்லை. புரிந்தபோது அவள் கை தானாக அவளுடைய நெஞ்செலும்புக்குப் போனது. சத்தமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க அன்னிக்கு அதைப் படிச்சப்போ, சங்கத்துக்காகக் கட்டின கதைன்னு நினைச்சேன்" என்றாள். "எங்ககிட்டேர்ந்துதான் எதுவும் போகாதே. அந்தத் தைரியத்துலதான் எல்லாமே செஞ்சேன். நர்ஸுக்கு ஒரு கெடுதலும் வராது, எங்களுக்கு மருந்து கிடைக்கும், ஒரு சின்னப் பொய், அவ்வளவுதான்னு இருந்தேன்."

வெளியே யாரோ சிரித்தார்கள். கத்தரிக்கோல் துணியில் ஓடும் சத்தம் கேட்டது.

"இந்த வலியை யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு நான் குழந்தைகூடப் பெத்துக்கல, தெரியுமா?" என்றாள் ஒடெஸா. ஜெசிந்தா அவள் தோளில் கை வைத்தாள்.

மறுநாள் காலை கூட்டமைப்பு மசோதாவைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்டுக்கொண்டது. காரணம் சொல்லவில்லை. இரண்டு சங்கங்களுக்கும் ஏதோ பேரம் நடந்திருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. சிவப்புச் சட்டைக்காரர்களில் பாதிப் பேர் ஒடெஸாவைத் துரோகி என்றார்கள். கிரெய்க் மட்டும் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். "எப்படிச் சாதிச்சீங்க? உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்!"

பிறகு இரண்டு தலைவிகளும் சேர்ந்து புதிதாக ஒன்றைக் கேட்டுப் பார்த்தார்கள். பட்டை வேண்டாம், வலியோடு வருகிறவர் பக்கத்தில் ஒரு நர்ஸ் உட்கார்ந்து கேட்கும் நேரம் மட்டும் வேண்டும், அதற்கு வேண்டிய ஆட்களும் வேண்டும். பட்டைக்குக் கைதூக்கிய மருத்துவமனைகளின் சங்கம் இதற்கு முதல் ஆளாக எதிர்ப்புத் தெரிவித்தது. அந்தக் கோரிக்கை குழுவின் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

ஜெசிந்தா தலைவி பதவியை விட்டாள். தோற்றுப்போய் ஓடுகிறாள் என்றார்கள் சிலர். சபையில் சொன்ன பொய்யை அவள் கடைசிவரை திருத்தவே இல்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய் முழங்காலிட்டபோதும், அந்த இடம் வந்ததும் நா எழவில்லை.

வசந்தம் தொடங்கும்போது அதே ரத்தநோய் வார்டில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் பிற்பகல், டார்னெல் என்ற பஸ் டிரைவரைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். தாடை இறுகியிருந்தது. அவளைக் கண்டதும் பழக்க தோஷத்தில் மணிக்கட்டை நீட்டினார்.

"பட்டை எங்கேம்மா?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க சொல்லுங்க."

அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். இதில் ஏதோ சூது இருக்கிறது என்பது போல. பிறகு மெதுவாக, முதுகின் கீழ்ப்பக்கம் தொடங்குகிறது என்றார். அங்கிருந்து தொடைக்கு இறங்குகிறது என்றார்.

நடைக்கூடத்தில் எதிர் அறையின் அழைப்பு விளக்கு எரிந்தது. அந்த அறையில் இருப்பது ஒடெஸா என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சத்தில் அதற்கடுத்த அறையிலும் விளக்கு எரிந்தது. வார்டில் அந்த நேரத்துக்கு இருந்தது அவளும் இன்னொருத்தியும்தான். அவள் பாதங்கள் எழத் தயாராகித் தரையை அழுத்தின.

டார்னெல் பேச்சை நிறுத்திவிட்டு அந்த விளக்குகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்புறம்?" என்றாள் ஜெசிந்தா. "தொடைக்கு இறங்குது. அப்புறம்?"